எஸ்.ஏ.டி. மதிப்பெண் குறைவு, கையிருப்பும் குறைவு: அமெரிக்காவில் எந்தக் கல்லூரியைத் தேடுவது?

கேள்வி இது: “நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டு முறை எழுதியும் எஸ்.ஏ.டி. 960-ஐத் தாண்டவில்லை. ஜி.பி.ஏ. 3.1. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறான். கிரீன் கார்டு வந்துவிட்டது. வருடத்துக்கு 15,000 டாலருக்கு மேல் எங்களால் புரட்ட முடியாது. இந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி எடுத்துக்கொள்ளும்?”

முதலில் அந்த 960-ஐ அதன் இடத்தில் வைத்துப் பார்ப்போம். எஸ்.ஏ.டி. என்பது கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத்தேர்வு, மொத்தம் 1600. ஜி.பி.ஏ. என்பது பள்ளிப் பாடங்களின் சராசரி மதிப்பெண், 4-க்கு. 2024-ல் பள்ளி முடித்த மாணவர்களின் எஸ்.ஏ.டி. சராசரி 1024. உங்கள் மகன் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறான், அவ்வளவுதான். நம் வட்டத்தில் 1500 வாங்கிய பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேச்சு நடப்பதால், 960 என்பது ஏதோ வெளியில் சொல்ல முடியாத எண் போலத் தோன்றுகிறது. இந்த நாட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானவர்கள் அதே எண்ணோடு உள்ளே போனவர்கள்தான். விண்ணப்பித்தவர்களில் பத்தில் ஒருவரைக்கூட எடுக்காத கல்லூரிகள் மிகச் சில. பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே இடம் கிடைக்குமா என்று பயப்படாதீர்கள், கிடைக்கும். உட்கார்ந்து தேட வேண்டியவை வேறு இரண்டு: உங்களால் கட்ட முடிகிற கல்லூரி, சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி வெளியே வருகிற கல்லூரி. இந்த இரண்டும் ஒன்றாக அமைவதுதான் அரிது.

தேர்வு விஷயத்தை முடித்துவிடுவோம். கொரோனாவுக்குப் பிறகு 1,800-க்கும் மேற்பட்ட நான்காண்டுக் கல்லூரிகள் மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அனுப்பினால் பார்ப்பார்கள், அனுப்பாவிட்டால் ஜி.பி.ஏ., எடுத்த பாடங்கள், கட்டுரை இவற்றை வைத்து முடிவு செய்வார்கள். இதற்கு டெஸ்ட் ஆப்ஷனல் என்று பெயர். கலிஃபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழகக் குழுமங்களும், அதாவது யூ.சி.யும் கால் ஸ்டேட்டும், இன்னும் ஒரு படி மேலே போய், அனுப்பினாலும் சேர்க்கையில் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கின்றன. எம்.ஐ.டி. 2022-லும், டார்ட்மத், ஹார்வர்டு போன்றவை 2024-லும் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது பெரிய செய்தியானது. ஆனால் அது உங்கள் பட்டியலைத் தொடாத செய்தி. உங்களுக்குப் பொருட்படுவது மாநிலம்தான்: ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணைக் கேட்கும், நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ், மாண்ட்கிளேர் ஸ்டேட், கீன், வில்லியம் பேட்டர்சன், ரோவன், ஸ்டாக்டன் எல்லாமே மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பிக்க விடுகின்றன.

மதிப்பெண் இல்லாமல் எடுப்பவர்கள் தரம் குறைந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். சிகாகோ அரசுப் பள்ளிகளில் படித்த 55,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2020-ல் வெளிவந்தது. கல்லூரியை முடிப்பார்களா என்பதைக் கணிப்பதில் பள்ளி ஜி.பி.ஏ., எஸ்.ஏ.டி. போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி.யின் மதிப்பெண்ணைவிட ஐந்து மடங்கு வலுவாக இருந்தது என்று அது கண்டது. நான்கு வருடம் விடாமல் வகுப்புக்குப் போய், வீட்டுப்பாடம் செய்து வாங்கியது ஜி.பி.ஏ. கல்லூரியும் அதே குணத்தைத்தான் கேட்கிறது. உங்கள் மகனின் 3.1 நல்ல எண். இந்த செமஸ்டரில் அது 3.2, 3.3 என்று ஏறினால் மூன்றாவது எஸ்.ஏ.டி.யைவிட அதிகப் பலன் தரும்.

அனுப்புவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது? கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் ஒரே படிவத்தில் வெளியிடுகிற ஆவணம் அது. அதில் சி7 என்ற அட்டவணை, சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்று சொல்லும். சி9, சேர்ந்தவர்களின் மதிப்பெண் வீச்சைச் சொல்லும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அனுப்புகிறார்கள் என்பதால் சி9-ல் தெரிகிற எண்கள் உண்மையைவிட உயர்ந்திருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அந்த வீச்சின் அடிமட்டத்துக்குக் கீழே உங்கள் மகன் இருந்தால் அனுப்பாமல் விடுங்கள், அது போதும்.

ஒரு எச்சரிக்கை. சேர்க்கைக்கு மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லும் கல்லூரியே ஸ்காலர்ஷிப்புக்கோ, நர்சிங் போன்ற சில மேஜர்களுக்கோ (முதன்மைப் பாடப் பிரிவுகளுக்கோ) கேட்பதுண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் இது தெளிவாகத் தெரியும்: ஹோப் ஸ்காலர்ஷிப் 3.0 ஜி.பி.ஏ.யை வைத்தே கிடைக்கும், அதற்கு மேலான ஸெல் மில்லருக்குத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். ஆகவே அட்மிஷன் ஆஃபீசுக்கு மின்னஞ்சல் எழுதும்போது இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொரு முறை எழுதுவதா என்றால், கான் அகாடமியில் எஸ்.ஏ.டி. பயிற்சி முழுவதும் இலவசம், அதில் ஆறு வாரம் உட்கார மனம் இருந்தால் ஒரே ஒரு முறை எழுதட்டும். ஆயிரக்கணக்கில் கட்டிக் கோச்சிங் அனுப்புவதை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணம் முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு ஆகும்.

சரி, பணம். காலேஜ் போர்டு வெளியிட்ட 2024–25 கணக்குப்படி நாடு முழுவதுமான சராசரிக் கட்டணம் இப்படி: கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) வருடத்துக்கு 4,050 டாலர், சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம் 11,610, வேறு மாநில அரசுப் பல்கலைக்கழகம் 30,780, தனியார் 43,350. இது படிப்புக் கட்டணம் மட்டும். தங்குமிடமும் சாப்பாடும் அரசுப் பல்கலைக்கழகத்திலேயே 13,000 டாலருக்கு மேல் ஆகிறது. நியூ ஜெர்சியின் அரசுக் கட்டணம் நாட்டுச் சராசரியைவிட அதிகம். ஆக, உங்கள் 15,000 டாலருக்குள் நிற்க வேண்டுமானால் மகன் வீட்டிலிருந்து போய்வருவதுதான் முதல் வழி. விடுதியில் தங்குவது கல்லூரி வாழ்க்கையின் ஒரு பகுதி என்பது உண்மைதான். ஆனால் அதற்காகக் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தனியார் கல்லூரியை அந்த 43,350-ஐப் பார்த்தே ஒதுக்கிவிடாதீர்கள். பல தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குப் பட்டியல் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் குறைத்துத்தான் வாங்குகின்றன. எவ்வளவு குறைப்பார்கள் என்பதை அறிய ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ இருக்கிறது. மத்திய அரசு உதவி பெறும் கல்லூரிகள் 2011 முதல் அதை வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். உங்கள் வருமானம், ஜி.பி.ஏ. போட்டால் தோராயமாக என்ன கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும். இரவு ஒரு மணி நேரம் ஒதுக்கி எட்டுப் பத்துக் கல்லூரிகளுக்குப் போட்டுப் பாருங்கள். பாதிப் பட்டியல் தானாகவே உதிர்ந்துவிடும்.

அப்புறம் ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பப் படிவம். வழக்கமாக அக்டோபர் 1-க்குத் திறக்கும். “நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது” என்று பூர்த்தி செய்யாமலே விடும் நம்மவர்கள் நிறைய. பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகையின் உச்ச அளவு 7,395 டாலர், அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத்தான், உண்மை. ஆனால் மாநில உதவியும், கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவியும் பெரும்பாலும் அதே படிவத்தைத்தான் கேட்கின்றன. மாணவர் தன் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கடனுக்கும் அதுதான் வாசல். முதலாண்டில் அது 5,500 டாலர் வரை. அந்த அளவோடு நின்றால் பட்டம் முடித்தபின் கட்டிவிடலாம். அதற்கு மேல் பெற்றோர் பெயரில் பேரன்ட் பிளஸ் கடனோ, வங்கிக் கடனோ வாங்கித்தான் சேர்க்க முடியும் என்றால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள்.

வருமானம் குறைவான நியூ ஜெர்சிக் குடும்பங்கள் தவறவிடக் கூடாத ஒன்று ஈ.ஓ.எஃப். என்ற திட்டம். 1968-ல் தொடங்கியது. குறைந்த மதிப்பெண்ணும் குறைந்த வருமானமும் ஒருசேர உள்ள மாணவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது. பண உதவி ஒரு பக்கம் இருக்க, வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையிலேயே வரவழைத்துக் கணக்கும் எழுத்தும் பயிற்றுவிப்பார்கள், கூடவே ஓர் ஆலோசகரையும் ஒதுக்குவார்கள். நியூ யார்க்கில் இதே வகையில் ஈ.ஓ.பி., ஹெச்.ஈ.ஓ.பி., சீக் என்று உண்டு. விண்ணப்பத்திலேயே அதற்கான கட்டத்தைக் குறிக்க வேண்டும். அதைக் குறிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு.

இனி நான் அதிகம் பேச விரும்பும் வழி: கம்யூனிட்டி காலேஜ், நியூ ஜெர்சியில் கவுண்டி காலேஜ். மாநிலத்தில் 18 இருக்கின்றன. பள்ளி முடித்த எவரையும் சேர்த்துக்கொள்வார்கள், எஸ்.ஏ.டி. கேட்க மாட்டார்கள். குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள் இருந்தால் மாநிலத்தின் சி.சி.ஓ.ஜி. உதவியால் கட்டணமே இல்லாமல் போகலாம். இரண்டு ஆண்டு படித்து அசோசியேட் பட்டம் வாங்கியபின், மாநிலம் தழுவிய டிரான்ஸ்ஃபர் ஒப்பந்தப்படி அந்தக் கிரெடிட்கள் (முடித்த பாடங்களுக்கான புள்ளிகள்) அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கூடவே வரும். கடைசியில் கையில் கிடைக்கும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். டிரான்ஸ்ஃபராக வருபவரிடம், அதுவும் 30 கிரெடிட் முடித்தவரிடம், பெரும்பாலான கல்லூரிகள் எஸ்.ஏ.டி.யைப் பற்றிக் கேட்பதே இல்லை. அந்த 960 அதோடு போயிற்று.

நம் குடும்பங்களில் இதைச் சொன்னதும் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் இருக்கும் மாமாவிடம் என்ன சொல்வது, தமிழ்ப் பள்ளியில் மற்றவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை பையனின் கவலையைவிடப் பெரிதாக இருக்கும். பையன் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறான் என்பதை மறந்துவிடாதீர்கள். “வேறு வழியில்லாமல் போகிறாய்” என்று வீட்டில் தொனித்தால் முதல் செமஸ்டரிலேயே அவன் மனம் விட்டுப்போகும். “இரண்டு வருடப் பணத்தை மிச்சம் பிடித்து ரட்கர்சுக்குப் போகப் போகிறாய்” என்று நீங்கள் நம்பிச் சொன்னால் அவனும் நம்புவான்.

அதே சமயம் இந்த வழியில் இருக்கும் ஆபத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் பார்த்தால் கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார். மாறியவர்களிலும் பாதிப் பேர்தான் சேர்ந்த ஆறு ஆண்டுக்குள் இளங்கலை முடிக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், குழந்தை வளர்த்துக்கொண்டே படிப்பவர்கள், பட்டம் நோக்கமே இல்லாதவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் அடக்கம். உங்கள் மகன் நிலைமை வேறு. இருந்தாலும் எங்கே கால் தடுக்குகிறது என்று தெரிந்தால் தாண்டுவது எளிது.

பெரும்பாலும் தடுக்குவது கணக்கில். கம்ப்யூட்டர் சயின்சுக்கு கால்குலஸ் வேண்டும். எந்த வகுப்பில் தொடங்குவது என்று முடிவு செய்யும் பிளேஸ்மென்ட் தேர்வை அலட்சியமாக எழுதினால், பட்டத்துக்குக் கணக்கில் சேராத அடிப்படை வகுப்புகளில் போட்டுவிடுவார்கள். அதற்கும் பணம் கட்ட வேண்டும். கால்குலசுக்கு வந்துசேரவே ஒரு வருடம் ஓடிவிடும், இரண்டு வருடத் திட்டம் மூன்றாகும். கலிஃபோர்னியா இதை உணர்ந்து 2017-ல் சட்டமே போட்டது: பள்ளி ஜி.பி.ஏ.யை முதன்மையாக வைத்து வகுப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்று. மற்ற மாநிலங்களிலும் பல கல்லூரிகள் ஜி.பி.ஏ.யை ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் நீங்கள் போய்க் கேட்க வேண்டும். கோடை விடுமுறையில் அல்ஜீப்ராவையும் பிரீகால்குலசையும் திரும்பப் பார்த்துவிட்டு அந்தத் தேர்வை எழுதட்டும். எஸ்.ஏ.டி.யைவிட இந்தத் தேர்வுதான் அவனுக்கு முக்கியம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது, 12 கிரெடிட் பொறி. செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தால் முழுநேர மாணவர் என்று கணக்கு வைப்பார்கள், பண உதவியும் வரும். ஆனால் அசோசியேட் பட்டத்துக்கு 60 வேண்டும். நான்கு செமஸ்டரில் முடிக்க ஒவ்வொன்றிலும் 15 எடுக்க வேண்டும். பன்னிரண்டே போதும் என்று இருந்து, யாரும் எச்சரிக்காததால் இரண்டு வருடம் கழித்து 48-ல் நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

மூன்றாவது, எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பது. கிரெடிட் கூடவே வருவது வேறு, அது உங்கள் மேஜருக்கான பாடமாக ஏற்கப்படுவது வேறு. விருப்பப் பாடமாக மட்டும் ஏற்றுக்கொண்டால் அதே பாடத்தைத் திரும்ப எடுக்க நேரிடும். நியூ ஜெர்சியில் என்.ஜே. டிரான்ஸ்ஃபர் என்ற தளமும், கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் என்ற தளமும் பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுக் காட்டுகின்றன. முதல் நாளே போகவேண்டிய பல்கலைக்கழகத்தையும் மேஜரையும் முடிவு செய்து, அந்தப் பட்டியலைப் பார்த்துப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரட்கர்ஸ் போன்ற இடங்களில் பல்கலைக்கழகத்துக்குள் வருவது ஒன்று, கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜருக்குள் வருவது இன்னொன்று. அதற்கு என்ன ஜி.பி.ஏ. கேட்கிறார்கள், ஐ.டி. மேஜர் ஏற்புடையதா என்பதையெல்லாம் இப்போதே விசாரியுங்கள்.

நேராக நான்காண்டுக் கல்லூரியில் சேர்வதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் ஸ்காலர்ஷிப் பெரிது, டிரான்ஸ்ஃபருக்கு அது சிறுத்துவிடும். கீன், வில்லியம் பேட்டர்சன், மாண்ட்கிளேர் மூன்றுக்கும் விண்ணப்பித்து, அவர்கள் தரும் தொகையைப் பார்த்துவிட்டு, கவுண்டி காலேஜோடு ஒப்பிட்டு முடிவு செய்வதுதான் முறை.

வேறு மாநிலங்களில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சில வார்த்தை. கலிஃபோர்னியவாசிக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் (கிரெடிட்) 46 டாலர்தான். 15 யூனிட் எடுத்தால் செமஸ்டருக்கு 690. அங்கிருந்து டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்களுக்கு டேக் என்ற உத்தரவாதச் சேர்க்கை உண்டு, எல்லா மேஜருக்கும் இல்லை என்றாலும். டெனசியில் 2015 முதல், பள்ளி முடித்து உரிய காலத்தில் விண்ணப்பித்து நிபந்தனைகளை நிறைவேற்றுபவர்களுக்கு, மற்ற உதவித்தொகை போக மிஞ்சும் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தை மாநிலமே ஏற்கிறது. வட கரோலினாவின் என்.சி. பிராமிஸ் திட்டத்தில் எலிசபெத் சிட்டி ஸ்டேட், ஃபாயட்வில் ஸ்டேட், யூ.என்.சி. பெம்புரோக், வெஸ்டர்ன் கரோலினா ஆகிய நான்கிலும் உள்ளூர்க்காரருக்குச் செமஸ்டருக்கு 500 டாலர் படிப்புக் கட்டணம், வெளி மாநிலத்தவருக்கு 2,500. இதர கட்டணங்கள் தனி. மேற்கு மாநிலங்களில் டபிள்யூ.யூ.ஈ. என்ற உடன்படிக்கையால் பக்கத்து மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்க மாட்டார்கள். டெக்சசில் வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் இருந்தால் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் தேர்வு மதிப்பெண் என்னவாக இருந்தாலும் இடம் உறுதி. நியூ யார்க் நகரத்தில் கியூனி எனப்படும் நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் படிப்புக் கட்டணம் மாநிலவாசிக்கு வருடத்துக்கு 4,800, நான்காண்டுக் கல்லூரி 6,930.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளைகளின் நிலைமை கடினம். மத்திய அரசு உதவியோ கடனோ கிடைக்காது. ஆனால் மாநிலவாசிக் கட்டணம் பல மாநிலங்களில் கிடைக்கும், விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கல்லூரியின் ரெசிடென்சி ஆஃபீசில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் பல இடங்களில் அந்தச் சலுகையும் போய்விடும், அதனால் பள்ளியிலேயே டூயல் என்ரோல்மென்ட் (பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுப்பது) மூலம் கிரெடிட் சேர்த்து விரைவாக முடிப்பது நல்லது.

ஒரு வகைக் கல்லூரியிடம் மட்டும் நெருங்காதீர்கள். உங்கள் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு தினமும் கூப்பிடுவார்கள், “இன்றைக்கே சேருங்கள், மதிப்பெண் பிரச்சினையே இல்லை” என்பார்கள். லாபத்துக்காக நடத்தப்படும் கல்லூரிகள் பல இப்படித்தான் ஆள் சேர்க்கின்றன. கொரிந்தியன் காலேஜஸ் 2015-லும் ஐ.டி.டி. டெக் 2016-லும் மூடப்பட்டபோது, பல்லாயிரக்கணக்கான மாணவர்கள் கடனோடும் பாதிப் படிப்போடும் நடுவில் விடப்பட்டார்கள். எந்தக் கல்லூரியானாலும் கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் பெயரைப் போட்டு மூன்றைப் பாருங்கள்: உங்கள் வருமான அளவில் உள்ளவர்கள் உண்மையில் கட்டும் தொகை, பட்டம் முடிப்பவர்களின் சதவீதம், படித்தபின் வாங்கும் சம்பளம். முடிப்பவர்கள் மூன்றில் ஒருவருக்கும் குறைவு என்றால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இதுதான். இந்த வாரமே நெட் பிரைஸ் கால்குலேட்டர்களைப் போட்டுப் பார்ப்பேன். ஃபாஃப்சா திறந்ததும் முதல் சில நாட்களுக்குள் அனுப்புவேன். மதிப்பெண் இல்லாமல் நான்கு நியூ ஜெர்சி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும், கால்குலேட்டரில் 15,000-க்குள் வந்தால் ஒன்றிரண்டு தனியார் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்க வைப்பேன். பக்கத்துக் கவுண்டி காலேஜுக்கு மகனோடு நேரில் போய் டிரான்ஸ்ஃபர் ஆலோசகரைச் சந்தித்து, கம்ப்யூட்டர் சயின்சுக்கான நான்கு செமஸ்டர் பாடத்திட்டத்தைத் தாளில் எழுதி வாங்குவேன். மார்ச், ஏப்ரலில் உதவிக் கடிதங்கள் வந்ததும் அவற்றில் கடன் எது, திரும்பக் கொடுக்க வேண்டாத கிராண்ட் எது என்று தனித்தனியாகக் குறித்து, நான்கு வருடத்துக்கும் பெருக்கிப் பார்ப்பேன். மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தொகை கொஞ்சம் இடித்தால் ஃபைனான்ஷியல் எய்ட் ஆஃபீசுக்கு எழுதி, இன்னொரு கல்லூரி தந்த கடிதத்தை இணைத்து, கூட்டித் தர முடியுமா என்று கேட்கலாம். பல இடங்களில் கொஞ்சமாவது கூட்டித் தருவார்கள்.